அம்மாவின் வாக்கரும் 5 லட்சத்துக் கோடும்

ஷோரூமுக்குள் வாக்கரைத் தூக்கிக்கொண்டு நுழைந்த ஆள் அன்று நான் ஒருவன்தான். பின்னால் அம்மா, அம்மாவின் கையைப் பிடித்தபடி என் மனைவி, அதற்கும் பின்னால் பள்ளிச் சீருடையோடு இரண்டு பிள்ளைகள். வரவேற்பு மேசையில் இருந்த பெண் அம்மாவுக்கு நாற்காலி போடச் சொன்னார். "வேண்டாம்மா, காருக்குள்ளயே உக்காந்து பாக்கத்தான் வந்தேன்" என்றாள் அம்மா.

அது நாங்கள் ஏறி இறங்கிய நான்காவது ஷோரூம். முதல் மூன்றுக்கும் நான் தனியாகத்தான் போயிருந்தேன். அதுதான் நான் செய்த முதல் தப்பு.

எங்களுக்குக் கோவில்பட்டி. ஒரு தீப்பெட்டி ஆபீசில் கணக்கு எழுதுகிறேன், மாதம் 31 ஆயிரம். மனைவி வீட்டில் தையல். நல்ல மாதம், கெட்ட மாதம் சேர்த்துச் சராசரி 9 ஆயிரம். அம்மாவுக்கு முட்டியில் அறுவை சிகிச்சை முடிந்த பிறகு மாதம் இரண்டு முறை திருநெல்வேலி போக வேண்டியிருந்தது. வாடகைக் கார் போய்வரக் காத்திருப்போடு 2,500 ரூபாய் ஆனது. "மாசம் 5 ஆயிரம் வாடகை குடுக்குறோம், அதுக்கு ஒரு காரே வாங்கிரலாமே" என்று பேச்சு ஆரம்பித்தது. அந்தக் கணக்கு தவறு என்பது பின்னால் உட்கார்ந்து எழுதிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. தவணை, பெட்ரோல், இன்சூரன்ஸ், சர்வீஸ் எல்லாம் சேர்த்தால் சொந்தக் காருக்கு மாதம் 12 ஆயிரத்துக்கு மேல் ஆகிறது. வாடகைக் கார்தான் மலிவு. ஆனால் ராத்திரி பத்து மணிக்கு அம்மாவுக்குக் கால் வீங்கினால் டிரைவர் போனை எடுக்க மாட்டார். மழையில் பைக்கில் நாலு பேர் போவதும் எனக்கு அலுத்துப் போயிருந்தது. பணம் மிச்சமாகும் என்று சொல்லிக்கொண்டு கார் வாங்காதீர்கள். வசதிக்காக வாங்குகிறோம் என்று ஒப்புக்கொண்டுவிட்டால், எவ்வளவு வசதிக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்ற கேள்விக்கு வந்துவிடலாம். எங்களால் முடிந்தது, தவணை 8,500க்குள், கையிலிருந்து 1 லட்சத்து 90 ஆயிரம். அந்த 1,90,000 என்பது சீட்டு எடுத்த ஒன்றரை லட்சமும் மனைவி தையலில் சேர்த்த 40 ஆயிரமும்.

பழைய காரும் பார்த்தோம். தெரிந்தவர் மூலமாக வந்த ஒரு வண்டி ஆர்.சி.யில் மூன்றாவது கை, இன்சூரன்ஸ் விட்டுப்போயிருந்தது. பழைய வண்டிக்குக் கடன் வட்டியும் அதிகம். எனக்கு வண்டியைப் பார்த்து எடை போடத் தெரியாது, கூட வர நம்பிக்கையான மெக்கானிக்கும் இல்லை. இரண்டும் இருந்தால் பழைய வண்டி நல்ல யோசனைதான். இல்லாததால் விட்டுவிட்டேன்.

2025 ஜூலை கடைசியில் ஒரு ஷோரூமில் 5 ஆயிரம் முன்பணம் கட்டினேன். ஆடி மாதம். நம் ஊரில் ஆடியில் யாரும் வண்டி எடுக்க மாட்டார்கள் என்பதால் அந்த மாதத்தில்தான் விற்பனையாளர்கள் வாசல் வரை வந்து வழியனுப்புவார்கள். "40 ஆயிரம் ஆஃபர் சார், மாசம் முடிஞ்சா போயிரும்." வீட்டுக்கு வந்து சொன்னதும் அம்மா கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள். "ஆடியில போயி யாராவது வண்டி எடுப்பாங்களா? ஆவணி பொறக்கட்டும்." நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். ஆடியில் எடுத்தால் வண்டி ஓடாதா என்றுகூடக் கேட்டேன். மசியவில்லை.

ஆடி முடிய ஒரு நாள் இருக்கும்போது, ஆகஸ்ட் 15 அன்று, டெல்லி செங்கோட்டையில் பிரதமர் ஜி.எஸ்.டி. குறைப்பு பற்றிப் பேசினார். செப்டம்பர் 3ஆம் தேதி ஜி.எஸ்.டி. கவுன்சில் முடிவெடுத்தது. 22ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. நான்கு மீட்டர் நீளத்துக்கும் 1200 சி.சி.க்கும் உட்பட்ட பெட்ரோல் கார்களுக்கு அதுவரை 28 சதவீதமும் அதன் மேல் 1 சதவீத செஸ் என்ற கூடுதல் வரியும் இருந்தது. அது ஒரே அடியாக 18 ஆனது. நான் பார்த்து வைத்திருந்த மாருதி வேகன் ஆரின் ஆரம்ப மாடலான எல்எக்ஸ்ஐ 5 லட்சத்து 78 ஆயிரத்து 500லிருந்து 4 லட்சத்து 98 ஆயிரத்து 900க்கு இறங்கியது. வரி மட்டும் என்றால் சுமார் 49 ஆயிரம்தான் குறைந்திருக்க வேண்டும். மீதி 30 ஆயிரத்தை நிறுவனமே குறைத்திருந்தது.

முன்பணம் கட்டிய ஷோரூம் வேறு, கடைசியில் வண்டி எடுத்த ஷோரூம் வேறு. அந்த 5 ஆயிரத்தைத் திரும்ப வாங்க நாற்பது நாள் நடந்தேன். ரசீதில் "ரத்து செய்தால் முழுத் தொகையும் திருப்பித் தரப்படும்" என்று எழுதி வாங்காதது என் குற்றம். வாயால் சொன்னவர் அதற்குள் வேறு கிளைக்குப் போய்விட்டார்.

இதில் இன்னொரு விஷயம் ஒளிந்திருந்தது. அதைக் கவனித்தது கணக்கு எழுதும் என் புத்திதான். தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் சாலை வரியை மாற்றினார்கள். 5 லட்சம் வரை விலையுள்ள காருக்கு 12 சதவீதம், 5 முதல் 10 லட்சம் வரை 13 சதவீதம். 4,98,900 ரூபாய் வண்டி அந்தக் கோட்டுக்கு 1,100 ரூபாய் கீழே நிற்கிறது. வரி 59,868. பழைய விலையிலேயே எடுத்திருந்தால் 75 ஆயிரத்துச் சொச்சம். அடுத்த மாடலான விஎக்ஸ்ஐ 5 லட்சத்து 52 ஆயிரம் அளவில் இருந்தது. பார்வைக்கு 53 ஆயிரம் வித்தியாசம். அதற்கு 13 சதவீத வரி போட்டால் 71,700 ஆகிறது. ஆக, சாலைக்கு வரும்போது வித்தியாசம் 65 ஆயிரம், அதற்கு மேல் இன்சூரன்ஸும் கொஞ்சம் கூடும். விற்பனையாளர் தம்பி "மாசத்துக்கு ஆயிரத்து முந்நூறுதான் சார் கூட வரும்" என்றார். அந்த ஆயிரத்து முந்நூறில் எனக்குக் கிடைப்பது பாட்டுப் பெட்டி, பின் கதவுக்குப் பவர் விண்டோ, இன்னும் சில. என் மகன் கண்ணாடியைக் கையால் சுற்றிக்கொள்வான் என்று முடிவு செய்தேன்.

சரி, கார் எப்படி வேகன் ஆர் ஆனது?

தனியாகப் போனபோது எனக்குப் பிடித்தது டாடா டியாகோ. கதவைச் சாத்தும் சத்தமே வேறு. 2020இல், கார்களை மோதவிட்டுப் பார்க்கும் குளோபல் என்கேப் சோதனையில் பெரியவர்கள் பாதுகாப்புக்கு ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் வாங்கிய கார். அதே அமைப்பு 2023இல் வேகன் ஆருக்குக் கொடுத்தது ஒன்றே ஒன்று. அப்போது அதில் இரண்டு ஏர்பேக்தான், 2025இலிருந்து ஆறு வருகிறது. ஆனால் ஏர்பேக் கூடினால் வண்டியின் உடம்பு கெட்டிப்பட்டுவிடாது என்பதும் எனக்குத் தெரியும். இதை மறைத்து எழுதினால் நேர்மையாக இருக்காது. நீங்கள் தினமும் நான்கு வழிச்சாலையில் நூறு கிலோமீட்டர் ஓட்டுபவர் என்றால் என் முடிவைப் பின்பற்றாதீர்கள்.

டியாகோவை நான் விட்டதற்குக் காரணம் அம்மாதான். முன் இருக்கையில் உட்கார வைத்தோம். முதுகு உள்ளே போகும் முன்பே முட்டி மடங்கி, வலியில் முகம் சுருங்கியது. "கெணத்துக்குள்ள எறங்குன மாதிரி இருக்குடா." இறங்கும்போது நானும் மனைவியும் இரண்டு பக்கமும் தூக்க வேண்டியிருந்தது. ஆல்டோ கே10இலும் இதே கதை, கூடவே தலையையும் குனிய வேண்டும். வேகன் ஆரில் அம்மா திரும்பி நின்று, பின்பக்கமாக உட்கார்ந்து, ஒவ்வொரு காலாக உள்ளே எடுத்து வைத்துக்கொண்டாள். யாரும் தொடவில்லை. கார் பக்கம் முதுகு காட்டி நிற்கும்போது இருக்கையின் விளிம்பு பிட்டத்துக்குச் சற்றுக் கீழே தட்டினால் முட்டி நோவுள்ளவர்களுக்கு அது சரியான உயரம் என்று அன்று புரிந்துகொண்டேன். இதை எந்த விளம்பரத் தாளும் சொல்லாது.

அந்த உயரம் எஸ்-பிரெஸ்ஸோவிலும் இருந்தது, விலையும் ஒன்றரை லட்சம் குறைவு. அதை எடுத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். மூன்று பேர் குடும்பம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு எடுத்திருப்பேன். பின் இருக்கையில் மனைவி, ஒன்பதாம் வகுப்பு மகள், ஐந்தாம் வகுப்பு மகன் மூவரும் உட்கார்ந்தபோது மகள் ஒரு தோளை முன்னால் நீட்டிக்கொண்டுதான் உட்கார முடிந்தது. டிக்கியில் வாக்கரைச் சாய்த்து வைத்தபின் ஒரு பைக்குக்கூட இடம் இல்லை. வேகன் ஆர் டிக்கி 341 லிட்டர் என்று போட்டிருந்தது. லிட்டர் கணக்கு எனக்கு ஒன்றும் சொல்லவில்லை. மடக்கிய வாக்கர், அதற்கு முன்னால் இரண்டு துணிப்பை, ஒரு பத்து லிட்டர் தண்ணீர் கேன். கதவு மூடியது. அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த விற்பனையாளர் தம்பி, "அண்ணே, இப்படி யாரும் செக் பண்ணி நான் பாத்ததில்ல" என்றார். பாராட்டா கிண்டலா என்று தெரியவில்லை.

ஓட்டிப் பார்ப்பதில் ஒரு பொறி உண்டு. டெஸ்ட் டிரைவுக்குக் கொடுக்கும் வண்டி பெரும்பாலும் உச்ச மாடலாகவே இருக்கும். எங்களுக்குக் கொடுத்தது 1.2 லிட்டர் இன்ஜின். நாங்கள் வாங்கப்போவது 998 சி.சி. அதே இன்ஜின் உள்ள வண்டியைக் கேட்டேன், இரண்டு நாள் கழித்துக் கொடுத்தார்கள். ஐந்து பேரும் ஏறி, ஏ.சி.யைப் போட்டு, மேம்பாலத்தில் ஏற்றினேன். நான்காவது கியரில் மூச்சு வாங்கியது, மூன்றுக்கு இறக்க வேண்டியிருந்தது. அவ்வளவுதான். தெரிந்து எடுத்ததால் இப்போது அது குறையாகத் தெரியவில்லை. சின்ன இன்ஜினில் ஒரு லாபமும் உண்டு: நம் வண்டியால் அடுத்தவருக்கு ஆகும் சேதத்துக்கான மூன்றாம் நபர் காப்பீடு புது காருக்கு மூன்று வருடம் கட்டாயம். 1000 சி.சி. வரை அது 6,521 ரூபாய், அதைத் தாண்டி 1500 வரை 10,640.

எரிவாயுவில் ஓடும் சி.என்.ஜி. வண்டி எடுக்கச் சொல்லாத ஆளே இல்லை. கணக்குப் போட்டேன். மாதம் 600 கிலோமீட்டர் ஓட்டுவோம். பெட்ரோல் லிட்டர் நூறைத் தாண்டிவிட்டது, லிட்டருக்கு 18 கிடைத்தால் கிலோமீட்டருக்கு 5 ரூபாய் 60 பைசா. சி.என்.ஜி.யில் மூன்றரை. மிச்சம் இரண்டு ரூபாய்ச் சொச்சம். வண்டி விலையில் கூடுதல் 90 ஆயிரம். அது திரும்ப ஆறு வருடம் ஆகும். அதற்குள் சிலிண்டர் டிக்கியை அடைத்துக்கொண்டு நிற்கும், வாக்கரை மடியில் வைத்துக்கொண்டு போக வேண்டியதுதான். தினமும் 60 கிலோமீட்டர் ஓட்டுகிற என் மைத்துனனுக்கு அதே சி.என்.ஜி. இரண்டே வருடத்தில் கட்டுப்படியாகிவிடும். அவன் எடுத்தான், சரியாகத்தான் எடுத்தான்.

இனி கொட்டேஷன். முதல் தாளில் மொத்தம் 6 லட்சத்து 31 ஆயிரத்துச் சொச்சம் இருந்தது. விலை, சாலை வரி, பதிவு, ஃபாஸ்டாக் ஆகியவற்றில் பேச ஒன்றுமில்லை. மீதியை ஒவ்வொன்றாகப் பேனாவால் சுழித்தேன். "ஹேண்ட்லிங் சார்ஜ்" 7,500. இது எதற்கு என்று கேட்டேன். குடோனிலிருந்து கொண்டுவர என்றார்கள். எந்தச் சட்டப்படி வாங்குகிறீர்கள், ரசீது தருவீர்களா என்று கேட்டதும் மேனேஜரிடம் போய்விட்டு வந்து எடுத்துவிட்டார்கள். கேட்காதவர்களிடம் வாங்கத்தான் செய்கிறார்கள். "பேசிக் கிட்" 17,900: மிதியடி, சீட் கவர், மட் ஃபிளாப், கதவு ஓரம் ஒட்டும் ரப்பர். எங்கள் ஊர்க் கடையில் மிதியடியும் மட் ஃபிளாப்பும் 2,200க்கு வாங்கினேன், சீட் கவர் மனைவியே தைத்தாள். டெஃப்ளான் பூச்சு 5,900, வேண்டாம். நீட்டித்த வாரண்டி 9 ஆயிரம், இப்போது வேண்டாம். மூன்று வருடம் அல்லது ஒரு லட்சம் கிலோமீட்டர் வாரண்டி ஏற்கெனவே உண்டு.

இன்சூரன்ஸ் 29,400 போட்டிருந்தார்கள். ஷோரூமில்தான் எடுக்க வேண்டும் என்று கட்டாயம் கிடையாது. அதே ஐ.டி.வி., அதே ஜீரோ டெப் (பாகங்களுக்குத் தேய்மானம் கழிக்காமல் தருவது) வைத்து வெளியே விசாரித்தால் 21,200. ஐ.டி.வி. என்பது வண்டி திருடு போனாலோ முழுதாக நசுங்கினாலோ கிடைக்கும் தொகை. புது வண்டிக்கு ஷோரூம் விலையில் 95 சதவீதம், எங்களுக்கு 4 லட்சத்து 74 ஆயிரம். சில இடங்களில் இதை நாலு லட்சமாக இறக்கிவிட்டுப் பிரீமியம் குறைவு என்று காட்டுவார்கள். அதனால் பிரீமியத்தை மட்டும் ஒப்பிட்டுப் பயனில்லை. வெளி கொட்டேஷனைக் காட்டியதும் ஷோரூமே 22 ஆயிரத்துக்கு இறங்கி வந்தது. 800 ரூபாய் கூட என்றாலும், அடிபட்டால் பணம் கட்டாமல் அங்கேயே வேலை முடியும் என்பதால் அவர்களிடமே எடுத்தேன். கடைசியில் எல்லாம் சேர்த்து 5 லட்சத்து 84 ஆயிரம். வாயைத் திறந்ததற்கு 47 ஆயிரம்.

கடனில்தான் நான் ஏமாறப் பார்த்தேன், கணக்கு எழுதுகிறவனாக இருந்தும். ஷோரூம் மூலையில் மேசை போட்டிருந்த ஒரு கடன் முகவர் "6 சதவீதம்தான் சார்" என்றார். என் வங்கியில் 9. மனசு 6 பக்கம் ஓடியது. மாதத் தவணையைக் கேட்டேன், 8,667. வங்கியில் 9 சதவீதத்துக்கு 8,303. குறைந்த வட்டிக்குத் தவணை எப்படிக் கூடும்? அவர் சொன்னது ஃபிளாட் வட்டி. நீங்கள் கடனை அடைத்துக்கொண்டே வந்தாலும் முதல் நாள் வாங்கிய முழு நாலு லட்சத்துக்கும் ஐந்து வருடமும் வட்டி போடுவார்கள், 1 லட்சத்து 20 ஆயிரம். வங்கியில் குறைந்துவரும் பாக்கிக்கு மட்டும், 98 ஆயிரம். அந்த 6, வங்கிக் கணக்குப்படி பார்த்தால் 10.8க்கும் மேல். யார் எத்தனை சதவீதம் சொன்னாலும், தவணை எவ்வளவு, எத்தனை மாதம் என்று மட்டும் கேட்டுப் பெருக்கிப் பாருங்கள். ஏழு வருடம் போட்டால் தவணை 6,436க்கு இறங்குகிறது, ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் மொத்த வட்டி 42 ஆயிரம் கூடுகிறது. ஐந்துக்கே போனேன்.

ஐப்பசி பிறந்து, தீபாவளிக் கூட்டம் ஓய்ந்த வாரத்தில் வண்டி வந்தது. பதிவுக்கு அனுப்பும் முன்பே யார்டுக்குப் போய்ப் பார்த்தேன். நம் பெயரில் பதிவாகிவிட்டால் மாற்றிக் கேட்க முடியாது. முதலில் காட்டிய வண்டியின் டயரில் அச்சான நான்கு இலக்கம் 1825. அதாவது 2025ஆம் ஆண்டின் 18ஆவது வாரம், மே மாதம் தொடக்கம். வரி குறையக் காத்திருந்த கூட்டத்தால் தேங்கிய சரக்காக இருக்கலாம். விற்பனைச் சான்றான படிவம் 21இல் தயாரித்த மாதமும் வருடமும் இருக்க வேண்டும், அதைக் காட்டுங்கள் என்றேன். நான்கு நாள் கழித்து செப்டம்பரில் செய்த வண்டி வந்தது. சேசிஸ் எண்ணைத் தாளோடு ஒத்துப் பார்த்து, மீட்டரில் எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்று பார்த்து, வெயிலில் நிறுத்தி நான்கு கதவின் பெயின்டையும் பார்த்தேன். இடது பின்கதவில் நகக்கீறல் அளவுக்கு ஒன்று இருந்தது, பாலிஷ் போட்டுக் கொடுத்தார்கள்.

பிள்ளையார் கோவில் வாசலில் நான்கு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினோம். அம்மா முன் இருக்கையில் தானாக ஏறி உட்கார்ந்தாள்.

இப்போது ஊருக்குள் லிட்டருக்கு 15, திருநெல்வேலிச் சாலையில் 80ஐத் தாண்டாமல் போனால் 21. பாட்டுப் பெட்டி இல்லாதது மட்டும் உறுத்துகிறது. வயரை வெட்டிப் பொருத்தினால் வாரண்டிக்குப் பிரச்சினை வரும் என்றார்கள், அதனால் 900 ரூபாய் புளூடூத் ஸ்பீக்கர் ஒன்று டேஷ்போர்டில் உட்கார்ந்திருக்கிறது. பிரேக் போட்டால் உருண்டு அம்மா மடியில் விழும். கண்ணாடி சுற்ற மாட்டேன் என்று மகன் சண்டை போடவில்லை, அக்காவின் பக்கத்தையும் அவனே சுற்றுகிறான்.

வீட்டுக்கு யார் வந்தாலும் அம்மா ஒரே கதையைத்தான் சொல்கிறாள். "இவன் ஆடியிலயே எடுக்கப் பாத்தான். நான்தான் வேண்டாம்னேன். 80 ஆயிரம் மிச்சம்." ஆடித் தள்ளுபடி 40 ஆயிரத்தைக் கழித்துத்தான் சொல்ல வேண்டும் என்று ஒருமுறை திருத்தப் பார்த்தேன். "அந்த 40ஐ அவன் குடுத்திருப்பான்னு என்ன நிச்சயம்? 5 ஆயிரத்தத் திருப்பிக் குடுக்கவே நாப்பது நாள் ஆக்குனவன்" என்றாள்.